24 வருடப் பழைய கார்: கறுத்துப்போன பிரேக் ஆயிலை மாற்றலாமா, அப்படியே விடலாமா?

அப்பாவின்_வண்டி | சனி, காலை 8.15

வணக்கம். 24 வருடப் பழைய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. அப்பா ஆசையாக வைத்திருந்த வண்டி. அவருக்குப் பார்வை மங்கிய பிறகு மூன்று வருடம் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்தடி முன்னே, பத்தடி பின்னே நகர்த்துவோம், அவ்வளவுதான். இனி தினமும் நான் ஓட்டப்போகிறேன். குழந்தைகளும் ஏறுவார்கள். அதனால் பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நேற்று பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். லெவல் மேல்கோட்டில் சரியாக நிற்கிறது. ஆனால் டார்ச் அடித்தாலும் அடி தெரியாத அளவுக்குக் கறுத்திருக்கிறது. குச்சியில் துணி சுற்றி அடியைத் தொட்டு எடுத்தால் மை போல வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. பெடல் என்னவோ கல் மாதிரி இருக்கிறது. வண்டியை நகர்த்தும்போது நன்றாகவே பிடிக்கிறது. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார் என்று அப்பாவுக்கு நினைவில்லை.

மொத்தத்தையும் வெளியேற்றிப் புதிது போடலாமா? நானும் தம்பியும் சேர்ந்து செய்துவிட முடியுமா? என்ஜின் ஆயில், கூலன்ட் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். பிரேக்கில் இதுவரை கை வைத்ததில்லை.


நெடுஞ்சாலை_நண்பர் | சனி, காலை 9.02

தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. பட்டதால் சொல்கிறேன். என்னுடையதும் ஏறக்குறைய இதே வயது. பெடல் நன்றாகத்தான் இருந்தது. ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு மாற்றினேன். மூன்றாம் நாள், பிரேக்கை மிதித்தபடி சிக்னலில் நிற்கிறேன். பெடல் என் காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) போய்விட்டது என்றார்கள். பழைய ஆயிலிலேயே ஊறிய ரப்பருக்குப் புது ஆயில் ஒத்துக்கொள்வதில்லை. லெவல் இறங்கினால் ஊற்றுங்கள், போதும்.


ஸ்பேனர்_12 | சனி, காலை 9.40

லெவல் இறங்கவில்லை என்பதால் உள்ளே எல்லாம் நலம் என்று ஆகிவிடாது. மூன்று வருடம் நின்ற வண்டியை ஆயில் மாற்றாமல் சாலைக்கு எடுக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கும் நிப்பிளை (பைப்பில் இருக்கும் காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றத் திறக்கும் சின்ன திருகை) தேடிப்பிடித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். இன்றைக்கே திறக்க வேண்டாம். நாளைக்கும் ஒரு தடவை அடியுங்கள். நிப்பிள் திறக்காவிட்டால் மற்ற பேச்சுக்கே இடமில்லை.


வீல்_சிலிண்டர் | சனி, பகல் 12.25

நெடுஞ்சாலை நண்பர் சொன்னது நடந்திருக்கும். நானும் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். காரணம்தான் வேறு. மாற்றிய ஆயில் அந்த மாஸ்டர் சிலிண்டரைக் கெடுக்கவில்லை. மாற்றிய விதம் கெடுத்தது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன்மேல் ரப்பர் கப் இருக்கிறது. தினசரி ஓட்டத்தில் அந்தப் பிஸ்டன் முழு நீளத்துக்கும் போவதே இல்லை. கொஞ்ச தூரம் போகும், திரும்பும். கப் தினமும் தேய்த்து வரும் அந்த இடம் கண்ணாடிபோல இருக்கும். அதற்கு அப்பால் இருக்கும் பகுதியை வருடக்கணக்கில் எதுவும் தொட்டிருக்காது. ஈரம் சேர்ந்த பழைய ஆயில் அங்கே நின்று நின்று, சுவர் பொடிப்பொடியாக அரித்து, கசடும் படிந்திருக்கும். கழற்றிய பழைய சிலிண்டருக்குள் விளக்கு பிடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போலத் தெரியும்.

ஏர் எடுக்கும்போது என்ன செய்கிறோம்? நிப்பிளைத் திறந்துவிட்டு ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்கிறார். தடுப்பு எதுவும் இல்லாததால் பிஸ்டன் கடைசிவரை ஓடுகிறது. கப்பின் மெல்லிய உதடு அந்தச் சொரசொரப்பின் மேல் ஐம்பது அறுபது தடவை போய்வருகிறது. உதடு கீறிவிடுகிறது. அதன்பின் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. ஆயில் கப்பைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே நழுவும். காலை வைத்து நின்றால் பெடல் மெல்ல இறங்கும். நண்பருக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

ஆகவே, பழைய வண்டியில் முதல் விதி: பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை. இப்போது இருக்கும் நிலையில் பலமாக மிதித்தால் பெடல் எங்கே நிற்கிறதோ, அதைவிட ஒரு விரல் அகலம் மட்டும் கூடுதலாக இறங்கும்படி கட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். மிதியின் எண்ணிக்கை கூடும், நேரம் ஆகும், பரவாயில்லை.

இனி, ஏன் மாற்றியே ஆகவேண்டும் என்பது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை. கிளைகால் வகைத் திரவம். ஒரு தம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், மிதக்காது, கரைந்துபோய்விடும். அதே குணத்தால்தான் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. டப்பா மூடியின் காற்றோட்டத் துளை வழியாக, ரப்பர் ஹோஸின் சுவர் வழியாக, ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் வரும், நின்றாலும் வரும்.

டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அளவு. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்குகிறது. டாட் 4-க்கு 230, தண்ணீர் சேர்ந்தபின் 155. ஷெட்டுக்குள் பத்தடி நகர்த்தும்போது இது எதுவுமே தெரியாது. மலைப்பாதையில் இறங்கும்போது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால்தான் தெரியும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். மிதித்த மிதி அத்தனையும் ஆவியை நசுக்குவதில் போய்விடும். அதனால் கல் மாதிரி இருக்கும் பெடலை நம்பாதீர்கள். அது சூடாகாத பிரேக்கின் பெடல்.


நெடுஞ்சாலை_நண்பர் | சனி, பகல் 1.10

கட்டை வைக்கும் விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. வண்டியை எடுக்கப் போனபோது ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து தரைவரை வேகவேகமாக மிதித்துக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இப்போதுதான் புரிகிறது. மேலே நான் எழுதிய அறிவுரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


அப்பாவின்_வண்டி | சனி, பகல் 2.30

மிக்க நன்றி ஐயா. எங்கள் டப்பா மூடியில் டாட் 3 என்று இருக்கிறது. டாட் 4 போடலாமா? நண்பர் ஒருவர் டாட் 5 தான் உயர்ந்தது, ஒரு தடவை போட்டால் பெயிண்டுக்கும் கெடுதல் இல்லை, ஈரமும் இழுக்காது என்கிறார்.


நிலா_கேரேஜ் | சனி, மாலை 4.05

டாட் 5 வேண்டாம் தம்பி. எண் பெரிதாக இருப்பதால் மேலானது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கான். அடையாளத்துக்காக ஊதா நிறம் போட்டிருப்பார்கள். கிளைகாலோடு அது கலக்காது. ஈரம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே எப்படியோ வந்துசேரும் தண்ணீர் அதில் கரையாமல் தனியே பிரிந்து, பள்ளமான இடத்தில், அதாவது காலிப்பரிலும் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரிலும், போய்த் தேங்கும். அங்கேயே அரிக்கும். அப்புறம் சிலிக்கானில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் எளிதில் தங்கிவிடும். பெடல் கொஞ்சம் பஞ்சு போலவே இருக்கும். ரப்பர், பைப், சிலிண்டர் என்று எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் யோசித்துப் போடட்டும். ஓடுகிற வண்டியில் வேண்டாம்.

டாட் 3 வண்டியில் டாட் 4 தாராளமாகப் போடலாம். எதுவாக இருந்தாலும் சீல் உடைக்காத புது பாட்டில். பாதி பயன்படுத்தி அலமாரியில் வைத்தது வேண்டவே வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். ஒரு லிட்டர் பாட்டிலைவிட அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று. டப்பா மூடிக்குள் இருக்கும் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். அது ஊதிப்போய், திரும்ப அதன் பள்ளத்தில் உட்கார மறுத்தால், யாரோ எப்போதோ என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் வீங்கும். அப்படியானால் ஆயில் மாற்றுவது பத்தாது. எல்லா ரப்பரையும் ஹோஸையும் மாற்றியாக வேண்டும்.


அப்பாவின்_வண்டி | சனி, மாலை 4.50

கழற்றிப் பார்த்துவிட்டேன் அக்கா. மூடி ரப்பர் சரியாக உட்கார்கிறது, வீக்கம் இல்லை. பழைய ஆயிலில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். புகைபோல இழை இழையாக இறங்கிக் கரைந்துவிட்டது, மேலே படலம் எதுவும் நிற்கவில்லை. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.


பச்சை_எண்ணெய் | சனி, இரவு 7.30

இந்த விவாதத்தைத் தேடி வருகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. மேலே சொன்னது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. நான் வைத்திருப்பது பழைய சிட்ரோயன். அதில் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் மூன்றும் ஒரே திரவத்தில், ஒரே பம்பில் ஓடுகின்றன. 1955-இல் வந்த டிஎஸ் மாடல் முதலில் சிவப்புத் திரவத்தில் ஓடியது. அதுவும் ஈரம் இழுத்து உள்ளே அரித்தது. 1960-களின் பிற்பகுதியில் எல்எச்எம் என்ற பச்சைக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். அந்த வண்டியில் டாட் 4 ஊற்றினால் ரப்பர் எல்லாம் போச்சு. சிவப்பு வண்டியில் பச்சையை ஊற்றினாலும் அதே கதிதான். பச்சைக்கான பாகங்களுக்குப் பச்சை பெயிண்டே அடித்திருப்பார்கள். மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் யாரும் எதையும் ஊற்றாதீர்கள்.


வீல்_சிலிண்டர் | சனி, இரவு 9.15

நல்ல எச்சரிக்கை. சரி தம்பி, இனி வேலைக்கு வருவோம். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் டப்பா. பெரிய ஊசியில்லா சிரிஞ்சில் பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். அடியில் இருக்கும் கசடை நார் உதிராத துணியால் துடைத்து எடுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தொடக் கூடாது. புது ஆயில் ஊற்றி நிரப்புங்கள். இதைச் செய்யாமல் நேரே மிதிக்க ஆரம்பித்தால், டப்பாவில் இருக்கும் கசடு அத்தனையையும் நீங்களே பைப்புக்குள் தள்ளுகிறீர்கள்.

நிப்பிளுக்கு ஆறு முனை உள்ள ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். முழுதாகப் பிடிக்காத ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். நிப்பிள் நடுவே துளை உள்ள மெல்லிய குழாய், முறுக்கினால் ஒடியும். திறக்கும் முன் ஒரு துளி இறுக்கும் பக்கம் அசையுங்கள். அந்தச் ‘டிக்’ என்ற சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது, பிறகு திறக்கலாம்.

நிப்பிளில் ஒளி ஊடுருவும் ஹோஸ், அதன் மறுமுனை பாட்டிலுக்குள் கொஞ்சம் புது ஆயிலில் மூழ்கி இருக்கட்டும். ஹோஸ் நிப்பிளிலிருந்து முதலில் மேலே ஏறிப் பிறகு பாட்டிலுக்கு இறங்கும்படி வைத்தால் குமிழ் தானாக மேலே போகும். தம்பி உள்ளே உட்காரட்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து ‘மிதி’ என்றதும் மெதுவாக மிதித்து, கட்டையில் நின்றதும் ‘மிதிச்சாச்சு’ என்று அவர் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளை மூடிவிட்டு ‘விடு’ என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இந்த மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு பேச்சு கூடாது. மூடும் முன் கால் எழுந்தால் காற்று உள்ளே போய்விடும்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று ஏறும், பிறகு அரை நாள் போய்விடும். எந்தச் சக்கரம் முதலில் என்பது மேனுவலில் இருக்கும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானது முதலில். பைப் குறுக்காகப் பிரிந்திருக்கும் வண்டிகளில், பின் ஒரு சக்கரம், அதன் எதிர் மூலை முன் சக்கரம் என்று போகும்.

பெயிண்டில் சிந்தினால் துணியால் துடைக்காதீர்கள், தேய்த்தால் பெயிண்டோடு வரும். உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் நிறைத்து வைத்துக்கொண்டுதான் நான் டப்பா மூடியையே திறப்பேன்.


அப்பாவின்_வண்டி | அடுத்த சனி, பகல் 11.45

ஒரு வாரமாக ஸ்பிரே அடித்து, இன்று ஆரம்பித்தோம். முன் இரண்டு நிப்பிளும் பின் வலதும் ‘டிக்’ என்று விட்டன. பின் இடது அசையவே இல்லை. அது மட்டுமல்ல, ஸ்பேனர்_12 தனிச்செய்தியில் சொன்னபடி பின் டிரம்களைக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். வலதில் லேசான ஈரப் பளபளப்பு. இடதில் தூக்கியதும் பழுப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்று, டிரம்மை உரசி நிறுத்தும் ஷூவின் மேல் விழுந்தது. வெளியே இருந்து பார்த்தால் டிரம் காய்ந்துதான் இருந்தது.


ஸ்பேனர்_12 | அடுத்த சனி, பகல் 12.10

அந்த நிப்பிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். கசியும் சிலிண்டரை எப்படியும் கழற்றப் போகிறீர்கள், புதியதில் புது நிப்பிளே வரும். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். வலதும் ஈரம் காட்டிவிட்டது. ஆயில் பட்ட ஷூவையும் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்பப் போடாதீர்கள். ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை (லைனிங்) குடித்த ஆயில் போகாது. ஜோடியாகப் புதிது.

பைப் நட்டுக்குச் சாதா ஸ்பேனர் வேண்டாம், பைப் நட்டுக்கென்றே வாய் குறுகலாக இருக்கும் ஸ்பேனர் உண்டு. பைப் கழன்றதும் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்குமே என்று ஹோஸைப் பிளையரால் நசுக்காதீர்கள், பழைய ஹோஸ் உள்ளே கிழியும். ஒரு கம்பை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கொடுத்து, பெடல் ஓரங்குலம் இறங்கிய நிலையில் நிறுத்திவிடுங்கள். டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளையைக் கப் மூடிக்கொள்ளும். ஒழுகல் நின்றுவிடும்.

டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.


அப்பாவின்_வண்டி | ஞாயிறு, மாலை 5.20

கம்பு வைத்த உபாயம் அற்புதமாக வேலை செய்தது. ஐந்தாறு சொட்டோடு நின்றுவிட்டது. கழற்றிய இடது சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தோம். அடிப்பக்கத்தில் மட்டும், தண்ணீர் தேங்கும் இடத்தில், அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக அரித்திருக்கிறது. மேல்பக்கம் பளபளவென்று இருக்கிறது. அக்கா சொன்ன ‘பள்ளத்தில் போய்த் தேங்கும்’ என்பது எங்கள் கிளைகால் ஆயிலிலும் ஓரளவு நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இப்போது வேறு சிக்கல். புது சிலிண்டர் மாட்டி, கட்டை வைத்து ஏர் எடுக்க ஆரம்பித்தோம். பின்பக்கம் இரண்டிலும் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. முன்னால் திறந்தால் பீய்ச்சியடிக்கிறது. பின் பைப் அடைத்திருக்குமோ?


நிலா_கேரேஜ் | ஞாயிறு, மாலை 5.45

அவசரப்பட்டுப் பைப்பை மாற்றாதீர்கள். வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கிச் சக்கரம் தொங்கும்படி வைத்திருக்கிறீர்களா? பின் ஆக்சிலிலிருந்து ஒரு சின்ன நெம்புகோலோ ஸ்பிரிங்கோ ஒரு வால்வுக்குப் போகிறதா என்று பாருங்கள். பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அது. ஆக்சில் தொங்கினால் ‘பின்னால் பாரமே இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டை மாற்றி வைத்து, வண்டியின் எடை ஆக்சில் மேல் உட்காரட்டும். பிறகு மிதித்துப் பாருங்கள்.


அப்பாவின்_வண்டி | ஞாயிறு, இரவு 7.10

அதேதான் அக்கா! எடை உட்கார்ந்ததும் முதல் மிதியிலேயே ஹோஸ் நிறைய வந்தது. முதலில் தார் போலக் கறுப்பு, பிறகு பழுப்பு, கொஞ்சம் குமிழ், கடைசியில் தேன் நிறத்தில் தெளிவாக. நான்கு சக்கரமும் முடித்தோம். முக்கால் லிட்டருக்கு மேல் போயிருக்கும்.

ஆனால் பெடல் முன்பு இருந்ததைவிடக் கீழே இருக்கிறது. இரண்டு தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறது. மீதி இருந்த ஆயிலையும் போட்டு மறுபடி நான்கிலும் எடுத்தோம், ஒரு குமிழ்கூட இல்லை. மாஸ்டர் சிலிண்டரைக் கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. கட்டை கடைசிவரை வைத்தே மிதித்தோம்.


வீல்_சிலிண்டர் | ஞாயிறு, இரவு 8.00

பயப்பட வேண்டாம். பெடல் மூன்று விதமாகப் பேசும், எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்து, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு பம்ப் செய்து பெடலை மேலே கொண்டுவந்து, பலமாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள்.

மேலே வந்த பிறகும் காலுக்குக் கீழே ரப்பர் பந்து போலத் துள்ளினால் காற்று. கெட்டியாக நின்று, பிறகு மெல்ல இறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் கப். மேலே வந்ததும் கல் போல நின்று இறங்கவே இல்லை, ஆனால் கொஞ்ச நேரம் கழித்து முதல் மிதி மறுபடி தாழ்வாக இருக்கிறது என்றால், அது ஆயில் சமாச்சாரமே இல்லை. பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். முதல் மிதி அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிவிடுகிறது.

டிரம்மைக் கழற்றும்போது, அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினீர்களா?


அப்பாவின்_வண்டி | ஞாயிறு, இரவு 8.35

ஆமாம் ஐயா, விளிம்பில் மாட்டிக்கொண்டு டிரம் வரவில்லை என்று இரண்டு பக்கமும் நன்றாகத் தளர்த்தினோம். திரும்ப இறுக்கவே இல்லை. நீங்கள் சொன்னபடி பிடித்துப் பார்த்தேன், ஒரு நிமிடம் அசையவில்லை.


வீல்_சிலிண்டர் | ஞாயிறு, இரவு 8.50

அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர் நலம். கை பிரேக்கை முழுதாக விட்டுவிட்டு, பின்தட்டின் ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவர் விட்டு அட்ஜஸ்டர் பல்லை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் நின்றுபோகும் வரை இறுக்கி, பிறகு லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும்படி தளர்த்துங்கள். இடையில் ஒரு தடவை பெடலை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வையுங்கள். கை பிரேக் கேபிளை இறுக்கிப் பெடலை உயர்த்தப் பார்க்காதீர்கள். பலர் அப்படிச் செய்து ஷூ எப்போதும் உரசும்படி ஆக்கிவிடுகிறார்கள்.


அப்பாவின்_வண்டி | திங்கள், காலை 7.20

விடிந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். இடதில் 14 பல், வலதில் 11 பல். பெடல் மேலே வந்துவிட்டது. பழைய நிலையைவிட உயரம். என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கி நிற்கிறது, பூஸ்டர் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.


நெடுஞ்சாலை_நண்பர் | திங்கள், காலை 8.05

வாழ்த்துகள். இதைப் படித்துவிட்டு என் வண்டியை நானும் தூக்கிப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டர் மாற்றியதிலிருந்து முன் இடது சக்கரம் மட்டும் சூடாகிறது. பிரேக்கை மிதித்து விட்ட பிறகு கையால் சுற்ற முடியவில்லை, ஐந்து நிமிடம் கழித்துத்தான் சுழல்கிறது. காலிப்பர் பிடித்துக்கொண்டதா?


நிலா_கேரேஜ் | திங்கள், காலை 8.40

சக்கரம் இறுகியிருக்கும்போது அந்த நிப்பிளைச் சற்றே திறந்து பாருங்கள். ஒரு பீய்ச்சல் வந்து சக்கரம் உடனே சுழன்றால் காலிப்பர் மேல் குற்றமில்லை. ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்பதால் அந்த ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே வெடிப்பே தெரியாது. மிதிக்கும் அழுத்தம் தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பும்போது அந்தப் பலம் இருக்காது. திறந்தும் சுழலவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ காலிப்பர் சறுக்கி நகரும் முளையோ இறுகியிருக்கிறது. ஹோஸ்தான் என்றால் வலதையும் சேர்த்து மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது.


நெடுஞ்சாலை_நண்பர் | திங்கள், மாலை 6.15

திறந்தேன், பீய்ச்சியது, சக்கரம் சுழன்றது. ஹோஸ்தான். இரண்டும் ஆர்டர் போட்டுவிட்டேன். இந்தத் தடவை கட்டை வைத்து நானே ஏர் எடுக்கப் போகிறேன்.


அப்பாவின்_வண்டி | செவ்வாய், இரவு 9.30

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எங்கள் வண்டியில் கிளட்சும் ஹைட்ராலிக். பிரேக் டப்பாவின் பக்கவாட்டில் பாதி உயரத்திலிருந்து ஒரு ஹோஸ் கிளட்ச் மாஸ்டருக்குப் போகிறது. பிரேக்கில் தெளிவான ஆயில் வந்த பிறகும் நேற்று மாலை டப்பாவில் லேசாகக் கருமை கலந்திருந்தது. அங்கிருந்து வருகிறதா?


வீல்_சிலிண்டர் | செவ்வாய், இரவு 10.05

அங்கிருந்துதான். கிளட்ச் வரிசையில் எப்போதும் கறுப்பு அதிகம், ரப்பர் தேய்ந்த தூள். கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச் சிலிண்டரில் ஒரு நிப்பிள் இருக்கும். அதிலும் இதே முறைதான், தெளிவாக வரும்வரை. கிளட்ச் பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள். கடைசியில் கொஞ்சம் காற்று அடம்பிடித்தால், சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, கீழே நிப்பிள் வழியாக மெல்ல மேலே தள்ளுங்கள். காற்றுக்கு மேலே போகத்தான் விருப்பம். டப்பா பொங்கி வழியாமல் ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியேற்றிய பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய என்ஜின் ஆயில் கேனிலும் கலக்காதீர்கள். தனி பாட்டிலில் மூடி, பெயர் எழுதி, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.


அப்பாவின்_வண்டி | சனி, காலை 10.50

கிளட்சும் முடிந்தது. முதல் கியர் இப்போது முனகாமல் விழுகிறது. நேற்று இரவு ஆளில்லாத சாலையில் 20, 40, 60 வேகங்களில் நிறுத்திப் பார்த்தேன். நேராக நிற்கிறது, எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. திரும்பி வந்து நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. டப்பாவில் இன்று காலை அடி தெரிகிறது.

அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று வந்தேன். திருப்பத்தில் பிரேக் அடித்தபோது தன் வலது காலையும் தரையில் அழுத்திக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “பெடல் உயரமா இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டார்.

டப்பா மூடியில் ஒரு டேப் ஒட்டி இன்றைய தேதியும் டாட் 4 என்றும் எழுதிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி மாற்ற வேண்டும். மரக்கட்டை டிக்கியில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் இருக்கிறது.